நூறில் ஏழு போனால்

என் மனைவிக்கு நூறிலிருந்து ஏழைக் கழிக்க வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். எனக்கும்தான் வராது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்திருப்பேன். ஐம்பத்தாறு வயதுவரை அப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறேன்.

மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் எங்கள் வீடு. நான் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முன்னறையில் மனைவியின் தையல் மிஷின். பிளவுஸ் மட்டும்தான் தைப்பாள். சுடிதார் கொண்டுவந்தால் எதிர்த் தெருவுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவாள். நான் சத்தியமங்கலத்துக்காரன், பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வேலைக்காக மலையேறி இந்தப் பக்கம் வந்தவன். அவள் கொள்ளேகாலில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்த விஷயங்கள், புதிதாக யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாயின் வலது ஓரத்திலிருந்து காபி ஒழுகியது. "டம்ளர்ல ஓட்டையா?" என்று கேட்டேன். அவள் பதில் சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. டம்ளரில் ஓட்டை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு, நல்லவேளை நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். கை கால் தப்பித்தது. பேச்சு சில நாளில் திரும்பியது. வாயோரம் மட்டும் கொஞ்சம் தளர்ந்துபோனது.

அதன்பிறகுதான் அந்தச் சோதனை. பயிற்சி கொடுக்கிற பெண் சேலத்துப் பெண்ணாம். விண்ணப்பத்தில் தாய்மொழி தமிழ் என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, நாம தமிழ்லயே பேசிக்கலாம், பயப்படாதீங்க. நூறுல ஏழு போனா எவ்வளவுங்கம்மா?"

என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தொண்ணூத்தி…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "எண்பத்தி…" என்றாள். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் வாயசைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன், எனக்கும் அதற்குள் விடை வந்திருந்தால். அதைவிட லேசாக இருபதில் மூன்று போனால் என்று கேட்டார்கள். அதற்கும் அவள் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு, ஞாபகம், பெயர் எல்லாம் சரி, கணக்குதான் அடிவாங்கியிருக்கிறது, வீட்டில் தினமும் பழக்குங்கள், சின்னச் சின்னக் கணக்காக மனதிலேயே போட வையுங்கள், போனைத் தொட விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "கணக்கு வராம துணில கத்திரி வெக்க மாட்டேனுங்க."

அது வீம்பு இல்லை. பிளவுஸ் தைப்பதில் தையல் பாதி, கணக்கு பாதி. மார்பு அளவை நாலாக வகுக்க வேண்டும், தையலுக்குக் கூட்ட வேண்டும், கைக்கும் கழுத்துக்கும் தனித்தனிக் கணக்கு. அரை அங்குலம் பிசகினால் பட்டுத்துணி போய்விடும், பிறகு ஒட்டுப் போட்டாலும் சரியாகாது. பீரோவுக்குள் அப்படி ஒரு துணி காத்துக்கொண்டிருந்தது. கொள்ளேகால் பட்டு, கிளிப்பச்சை நிறம். அவளுடைய பழைய வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் அளவு கொடுத்துவிட்டுப் போனதற்கு அடுத்த வாரம்தான் காபி ஒழுகியது.

வீட்டுக்கு வந்ததும் மிஷின்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினாள். அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ தடவை "கொஞ்சம் அந்தச் சத்தத்த நிறுத்து, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்திருக்கேன்" என்று கத்தியிருக்கிறேன். இப்போது சத்தம் நின்றுவிட்டது, எனக்குத் தூக்கமும் நின்றுவிட்டது. பயமாக இருந்தது. அவள் இப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம். அதை யாரிடமும் சொல்லாமல் கணக்குப் படிக்க ஆரம்பித்தேன்.

போனில் இதற்கென்றே வீடியோக்கள் கிடக்கின்றன. மனக்கணக்குக் குறுக்குவழிகள். ஐந்தால் பெருக்க வேண்டுமா, பாதியாக்கிப் பின்னால் ஒரு பூஜ்யம் போடு. நாற்பத்தெட்டின் பாதி இருபத்துநான்கு, பூஜ்யம் போட்டால் இருநூற்று நாற்பது. ஏழைக் கழிக்க வேண்டுமா, பத்தைக் கழித்துவிட்டு மூன்றைத் திருப்பிக் கொடு. நாலால் வகுக்க வேண்டுமா, பாதியாக்கு, அதையும் பாதியாக்கு. ஐம்பதில் எட்டு சதவீதம் என்பதும் எட்டில் ஐம்பது சதவீதம் என்பதும் ஒன்றுதானாம், அதாவது நாலு. இதையெல்லாம் இத்தனை வயதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

முப்பத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றை அதற்கு அடுத்த நாலால் பெருக்கினால் பன்னிரண்டு, பக்கத்தில் இருபத்தைந்தை எழுதிக்கொள்ள வேண்டியதுதான், ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து. முப்பத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்க வேண்டிய தேவை என் வாழ்க்கையில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்தால் தயாராக இருந்தேன். சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கிற வண்டியின் நம்பரைப் பதினொன்றால் பெருக்கிக்கொண்டிருப்பேன். பச்சை விழுந்தது தெரியாமல் நின்று, பின்னாலிருந்து கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொழிற்சாலைக் கேன்டீனில் என் மேஜைக்கு ஆள் வருவது குறைந்தது.

கற்றதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் இறக்கினேன். டீவி பார்க்கிறவளிடம், "இருபது லிட்டர் கேன்ல கால் லிட்டர் டம்ளரு எத்தன வரும்?" என்பேன். அவள் கண்ணை மூடி யோசிப்பாள்.

"நாலு டம்ளரு ஒரு லிட்டரு. இருபத நாலால பெருக்கோணும். எண்பது!" என்று நானே சொல்லிவிடுவேன்.

"கேன் தண்ணிய டம்ளர்ல எண்ணி யாருங்க குடிக்கறாங்க?"

"அது பயிற்சி."

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அப்பறம் நான் எதுக்குங்க நடுவுல? முந்திரிக்கொட்டையாட்ட முந்திக்கிட்டு."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. புதிதாக வந்த கணக்கு, நாக்கு நுனியிலேயே நிற்கிறது. அதைவிட, அவள் தேடுகிற அந்த நேரத்தில் அவள் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விடையைச் சொல்லி அதை நிறுத்திவிடுவேன்.

கடைக்கும் நானே போனேன். மாத்திரை, காய்கறி, மாவு மில், எல்லாம். வெளியில் விட்டால் எங்கேயாவது விழித்துக்கொண்டு நிற்பாள் என்று அவளைத் தனியே விடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தால் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். ஒரு மாதம் இப்படிப் போனது. தமிழில் நான் கேட்பேன், அவள் தேடுவாள், நான் சொல்வேன். ஒருநாள் மாத்திரை அட்டையைக் காட்டி, பதினைந்து மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, எத்தனை நாள் வரும் என்றேன். அவள் அட்டையை என்னிடமிருந்து பிடுங்கிச் சுவரில் எறிந்தாள்.

"உயிர வாங்காதீங்க! எனக்கு உள்ள ஒண்ணுமில்லீங்க. எல்லாம் போச்சு. விட்ருங்க."

அவள் அழுதாள். எனக்கும் வந்துவிட்டது. பால் பொங்குகிறது என்று சொல்லி சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அந்த வாரம்தான் கிளிப்பச்சைப் பட்டுக்காரம்மாள் மறுபடியும் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், கம்பீரமான உடம்பு. வேறு எந்தக் கடைக்கும் போகமாட்டார். அதற்குக் காரணம் என் மனைவியின் கைத்திறமை என்று நான் நினைத்திருந்தேன். அதுவல்ல. மற்ற கடைகளில் டேப்பை வைத்து அளவைச் சத்தமாகச் சொல்லி உதவியாளை எழுதவைக்கிறார்களாம். நாலு பேர் காதில் விழுகிறதாம். என் மனைவி அளவெடுக்கும்போது வாய் நிறையக் குண்டூசி இருக்கும். உதட்டுக்கு நடுவே வரிசையாக வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே கணக்குப் போட்டு முணுமுணுப்பாள். என்ன எண் என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. அந்த அம்மாளின் மானம் இத்தனை வருஷமாக அந்தக் குண்டூசிகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது.

அவர் சோபாவில் உட்கார்ந்து, அண்ணன் பேத்தி கல்யாணம் வருகிறது, பரவாயில்லை, முடியாது என்றால் துணியைக் கொடுத்துவிடு, வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. நான் எழுந்து பீரோவைத் திறந்து பட்டுத்துணியை எடுத்தேன். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் துணி வாசலைத் தாண்டிவிட்டால் அந்த பெட்ஷீட்டை இனி யாரும் எடுக்கப்போவதில்லை.

அம்மாள் துணியை வாங்கிக்கொண்டு, போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்: "நன்ன அளத்தெ ஹளேதே. மூவத்தெண்டு." என் அளவு பழையதேதான், முப்பத்தெட்டு என்று அர்த்தம். எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்திருப்பார்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சடாரென்று நிமிர்ந்தாள்.

"மூவத்தெண்டா? எல்லிந்த மூவத்தெண்டு அக்கா? நலவத்தெரடு! அர்த இப்பத்தொந்து, அதரல்லி அர்த ஹத்தூவரெ. ஒந்தூவரெ சேர்சித்ரெ ஹன்னெரடு. மூவத்தெண்டுக்கெ ஹொலிதரெ உசிராடோக்காகல்லா!"

முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது, நாற்பத்திரண்டு. பாதி இருபத்தொன்று, அதில் பாதி பத்தரை, ஒன்றரை சேர்த்தால் பன்னிரண்டு. முப்பத்தெட்டுக்குத் தைத்தால் மூச்சுவிட முடியாது. அவ்வளவையும் ஒரே மூச்சில், தெரு கேட்கச் சொன்னாள்.

அந்த அம்மாள் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. பிறகு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏனம்மா," என்றார், "லெக்க பந்த்பிட்டிதெயல்லா!"

கணக்கு வந்துவிட்டதே என்கிறார். என் மனைவி வாயில் கைவைத்துக்கொண்டாள். நான் பட்டுத்துணியை அவர் மடியிலிருந்து எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் தடுக்கவில்லை. போகும்போது, கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்தால் போதும், ஆனால் நாற்பத்திரண்டு என்று மட்டும் எங்கேயும் எழுதிவைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"இத்தன வருஷமா கன்னடத்துலயா எண்ணிக்கிட்டு இருந்த?"

"வேற எதுலங்க எண்ணுவாங்க?" என்றாள்.

"தமிழ்ல!"

"தமிழ்ல பேசலாமுங்க. எண்ணறதுக்கு மக்கி வேணாமா? எனக்குப் பள்ளிக்கூடத்துல கன்னடத்துலதான மக்கி சொல்லிக்குடுத்தாங்க." மக்கி என்றால் வாய்ப்பாடு. அவளுக்கும் இது இப்போதுதான் தெரிந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எந்த மொழியில் எண்ணுகிறோம் என்று யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்? பக்கத்தில் படுத்துத் தூங்குகிற எனக்கே தெரியவில்லை. அவள் கணக்குப் போட்டபோதெல்லாம் வாயில் குண்டூசி இருந்தது. எனக்கு அது முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

"நூறல்லி ஏளு ஹோதரெ?" என்று கேட்டேன்.

"தொம்பத்மூரு."

"அதுல இன்னொரு ஏழு?"

"எம்பத்தாரு. எப்பத்தொம்பத்து. எப்பத்தெரடு. அரவத்தைது." நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொன்றையும் தமிழாக்கி, பத்தைக் கழித்து, மூன்றைத் திருப்பிக் கொடுத்து, சரியா என்று பார்ப்பதற்குள் அவள் இரண்டு எண் தாண்டியிருந்தாள். நடுவில் "இருங்க, மெதுவா" என்று நானே அவளிடம் கெஞ்சவேண்டியிருந்தது.

சேலத்துப் பெண்ணுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சார், தாய்மொழி தமிழ்னு நீங்கதான எழுதுனீங்க?" என்றாள்.

"ஆமாம்மா. கணக்கு மொழின்னு கட்டம் எதுவும் போடலியே."

அவள் சிரித்தாள், வருத்தப்பட்டாள், அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கன்னடத்தில் கேட்பதற்கு வேறு ஆளை வைக்கிறேன், எனக்குக் கன்னடத்தில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது என்றாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது மிஷின்மேல் பெட்ஷீட் இல்லை. மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். மேஜைமேல் கிளிப்பச்சைப் பட்டு விரிந்திருந்தது, அடியில் லைனிங் துணி. பக்கத்தில் டேப்பு, சாக்குக்கட்டி, கத்திரிக்கோல். குண்டூசிகளை எடுத்து உதட்டில் வைத்தாள். தளர்ந்த ஓரத்தில் பிடிமானம் இல்லை, இரண்டு ஊசி நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. பொறுக்கி எடுத்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இதப் புடிங்க."

கையை நீட்டினேன்.

"கைல இல்லீங்க. வாய்ல."

"வாய்ல எதுக்கு? டப்பால வெச்சுக்கலாமில்ல?"

"டப்பாவத் தேடிக்கிட்டு இருக்க முடியாதுங்க. அப்பறம், நீங்க கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இருக்கோணும்."

உதட்டை மடித்து ஊசிகளை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்துவிட்டாள். இரும்பு ருசி. மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் குனிந்து, என் உதட்டிலிருந்து ஓர் ஊசியை உருவிப் பட்டையும் லைனிங்கையும் சேர்த்துக் குத்தினாள். இன்னொன்றை உருவினாள். துணிக்கு முன்னால் நின்று, வாயில் எதுவும் இல்லாமல் அவள் கணக்குப் போடுவதை முதல்முறையாகக் கேட்டேன். "நலவத்தெரடு. அர்த இப்பத்தொந்து. அதரல்லி அர்த ஹத்தூவரெ." பாதியாக்கு, அதையும் பாதியாக்கு. வீடியோவில் பார்த்து நான் துள்ளிக் குதித்த அதே வழி.

டேப்பை வைத்துச் சாக்கால் கோடு போட்டாள். பதினொன்றரையில் போட்டாள்.

பன்னிரண்டு. பத்தரையும் ஒன்றரையும் பன்னிரண்டு. என் வாய் துடித்தது. ஊசி குத்தியது. "ம்ம்" என்றேன்.

"சும்னிரி," என்றாள். சும்மா இருங்கள் என்பதை இத்தனை மரியாதையாக என்னிடம் அவள் சொன்னதே இல்லை.

கத்திரிக்கோலை எடுத்தாள். அதைத் துணியின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். ஊசிகளைத் துப்பிவிட்டுக் கத்தலாமா என்று நினைத்தேன். துணி போனால் போகட்டும், வேறு வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் இது தப்பாகப் போனால் இனி அவள் கத்திரிக்கோலை எடுக்கமாட்டாள். அதற்காகவே கத்த வேண்டும் என்றும் தோன்றியது, அதற்காகவே கத்தக் கூடாது என்றும் தோன்றியது.

கத்திரிக்கோல் நின்றது. அவள் கோட்டைப் பார்த்தாள். "ஹத்தூவரெ," என்றாள். "ஒந்தூவரெ." விரலை மடித்தாள். விடை தேடும்போது போகிற அந்தப் போக்குக்கு அவள் முகம் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், முதல்முறையாக, அது முடிகிறவரை.

"ஹன்னெரடு," என்றாள்.

கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்து அழித்தாள். அரை அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட்டாள். சரியா என்று என்னிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. வெட்டினாள்.

பட்டு வெட்டுப்படுகிற சத்தம் கரகரவென்று நீளமாகப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் நிறையக் குண்டூசியோடு எப்படி அழுவது என்று எந்த வீடியோவிலும் சொல்லித் தரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் அழுதேன்.

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். தடவித் தடவி என் வாயைக் கண்டுபிடித்து, அடுத்த ஊசியை உருவிக்கொண்டாள்.